ஒரு பேர் போதும்

அவர் யாரையும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடித்திருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். லஞ்சமென்று யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. ஒருவரையும் 'டா' போட்டுப் பேசியதில்லை. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்; எங்கள் ஊர் 'ங்க'வை வந்த ஒரு மாதத்தில் நாக்கில் ஏற்றிக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருப்பவன் கைதியாகவே இருந்தாலும் "சாப்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனா இரவல் கேட்பதைப்போல, "ஒரு பேர் சொல்லுங்க, போதும்" என்பார்.

நான் அவரிடம் தட்டச்சராக இருந்தேன். மாநிலத்தில் வன உயிரினக் குற்றத் தடுப்புக்கென்று புதிதாக ஒரு வாரியம் அமைத்து, அதற்குச் சேலத்தில் ஒரு மண்டலப் பிரிவு என்று அரசாணை வந்தது. அரசாணையில் பதவிகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. வந்து சேர்ந்தது ஐந்து பேர்தான். பிரிவுத் தலைவராக அவர், உதவி வனப்பாதுகாவலர். அயல்பணியில் ஒரு வனவர், ஒரு வனக்காப்பாளர், நான். அப்புறம் ஒரு டிரைவர். டிரைவர் வந்து ஏழு மாதம் கழித்துத்தான் ஜீப் வந்தது. அதுவரைக்கும் அந்த மனுஷன் வாசலில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பதவிகளுக்கு அனுமதி இரண்டு வருடத்துக்குத்தான். அதற்குள் வழக்குகளைக் காட்டினால் நீட்டிப்பு, இல்லாவிட்டால் பிரிவையே மூடிவிடுவார்கள்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு மாடிதான் ஆபீஸ். படுக்கையறை அவருடைய அறை. ஹாலில் மற்றவர்கள். சமையலறையில் நானும் என் கம்ப்யூட்டரும், கைப்பற்றிய பொருள்களும். "பொம்பளைன்னு உங்களை அங்க போடலைங்க, அங்கதான் பிளக் பாயின்ட் இருக்குது" என்றார். நம்பினேன். நட்சத்திர ஆமைகள் பிடிபட்டால் கோர்ட் உத்தரவு வரும்வரை குளியலறையில்தான் இருக்கும். அந்த நாட்களில் நாங்கள் கீழ்வீட்டில் கேட்டுத்தான் போய்வர வேண்டும்.

பெயர்ப்பலகை வைக்க அவர் சம்மதிக்கவில்லை. பலகை இருந்தால் தகவல் சொல்ல எவனும் படியேற மாட்டான் என்றார். பலகையில்லாத ஆபீசுக்கு ஆண்களும் பெண்களும் வந்து தணிந்த குரலில் பேசிவிட்டுப் போவதைப் பார்த்து, கல்யாணத் தகவல் மையம் என்று தெருவில் முடிவு செய்துவிட்டார்கள். ஒருநாள் ஒரு அம்மாள் மகனுடைய ஜாதகத்தோடு மாடியேறி வந்தே விட்டார். அவரையும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "உங்க ஊட்டுப் பக்கம் யாராச்சும் கிளி வளக்கறாங்களாங்க?" என்று கேட்டுத்தான் அனுப்பினார்.

காடே இல்லாத ஊரில் வனக்குற்றத்துக்கு என்ன ஆபீஸ் என்று எங்கள் டிரைவர் அவரிடமே கேட்டிருக்கிறார். "குற்றம் காட்டுல பாதிதாங்க நடக்குது. மீதி ரோட்டுல நடக்குது. சங்ககிரியில நிக்கற லாரி ஒவ்வொண்ணும் எங்கெங்க போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க" என்றாராம். அதில் தப்பே இல்லை. அவர் சொன்ன எதிலும் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்ததில்லை.

முதல் நாள் காலையில் எங்கள் நாலு பேரையும் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்தார். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து நாலு துண்டாக்கி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

"கட்டடம், ஜீப்பு, கம்ப்யூட்டர் எல்லாம் கவர்மென்ட் குடுக்கும். பேர் மட்டும் நாமதான் தேடிக்கணும்" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பேரை எழுதுங்க. கிளி வளக்கறவங்க, உடும்பு அடிக்கறவங்க, முயலுக்குக் கண்ணி வைக்கறவங்க, யாரா இருந்தாலும் சரி. ஆனா தெரிஞ்சவங்களா இருக்கணும். சொந்தக்காரங்களா இருந்தா இன்னும் நல்லது."

"எதுக்குங்க சார்?" என்றார் வனவர்.

"தெரிஞ்சவங்க பேரையே எழுத முடியலைன்னா, முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட நாளைக்கு நீங்க எப்படிப் பேர் கேப்பீங்க? முடியாதவங்க இன்னிக்கே பழைய ஆபீசுக்குத் திரும்பிப் போகலாம். எனக்குக் கோபம் ஒண்ணுமில்ல."

வனவர் மச்சான் பேரை எழுதினார். வனக்காப்பாளர் யார் பேரையோ எழுதிவிட்டு வியர்வையைத் துடைத்தார். டிரைவர் எழுதத் தெரியாது என்று தப்பிக்கப் பார்த்தார். சார் தன் காதைக் கொண்டுபோய் டிரைவர் வாயருகே வைத்துக் கேட்டுத் தானே எழுதிக்கொண்டார். என் பழைய ஆபீசுக்குப் போக மூன்று பஸ் மாற வேண்டும். ஃபேர்லேண்ட்ஸுக்கு வர அந்த அலைச்சல் இல்லை. நான் என் சித்தப்பா பேரை எழுதினேன்.

அப்பாவின் தம்பி. மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. எங்கள் பக்கத்தில் கடலைக்காட்டில் களையெடுக்கும்போது கவுதாரி முட்டை கிடைத்தால், கொண்டுவந்து அடைக்கோழிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். குஞ்சுகள் பொரித்துக் கோழிக்குஞ்சுகளோடு வாசலில் மேயும். அப்படி வளர்ந்த ஒன்றைச் சித்தப்பா மூங்கில் கூண்டில் வைத்திருந்தார். வருடத்தில் நாலைந்து தடவை விடிகாலையில் கூண்டைத் துணி போட்டு மூடிக் காட்டுக்குக் கொண்டுபோய்த் திறப்பார். அது கத்தும். அந்தச் சத்தத்துக்குச் சண்டைக்கு வரும் வெளிக் கவுதாரி கண்ணியில் மாட்டும். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வரும். இதைக் குற்றம் என்று சொன்னால் சித்தப்பா சிரிப்பார். "முட்டை எங்க கெடச்சா என்ன சாமி, பொரிச்சது என்ற ஊட்டுக் கோழிதான? கோழி பெத்ததுக்குக் கவர்மென்ட்டு என்ன கேக்குது?" என்பார். ஊரில் எல்லோருக்கும் அதே எண்ணம்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒன்றுமில்லாத ஒரு பேரை எழுதி ஆபத்திலிருந்து தப்பித்துவிட்டதாகக்கூட அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

துண்டுகளை வாங்கி, படிக்காமலே மடித்து ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸில் போட்டார். அவருடைய மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பாக்ஸ். ஆபீஸ் பதிவேட்டில் தகவல் தருகிறவர்களுக்கு எண் மட்டும்தான். பேர்கள் அந்த பாக்ஸில் இருந்தன. அதைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே சாப்பிடுவார், பஸ் ஏறுவார். அவருக்கு நண்பர்கள் என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு அம்மாளைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற டீச்சர். தனியாக இருந்தார். தனியாக என்றால், ஒரு பச்சைக்கிளியோடு. நாங்கள் கல்யாணத் தகவல் மையமல்ல, அரசாங்க ஆபீஸ் என்று தெரிந்துகொண்டபின், வாரத்தில் இரண்டு நாள் இட்லி கொடுத்தனுப்புவார். சாருக்கு அந்த வெங்காயச் சட்னி பிடிக்கும். டப்பாவை அவரே கழுவி, துடைத்து, எடுத்துப்போய்க் கொடுப்பார். கொடுக்கும்போது கிளியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவார். நாலு மாதம் இப்படிப் போனது. மாதாந்திர அறிக்கைக்கு ஒரு வழக்கு குறைந்த அன்று, கழுவிய டப்பாவோடு வனவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அம்மா, இதை வீட்டுல வளக்கறது குற்றமுங்க. உங்களை நான் கோர்ட்டுக்கு அலைய விடமாட்டேன். கிளிய யாரு குடுத்தாங்க? ஒரு பேர் சொல்லுங்க, போதும்."

நாமக்கல்லில் இருக்கிற அக்காதான் கொடுத்ததாக அந்த அம்மாள் சொன்னார். சொல்லிவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு, அவருக்கு நன்றி வேறு சொன்னார். அந்த வாரமே அக்கா வீட்டில் ரெய்டு. வழக்கு அக்காவின் மகன் பேரில் பதிவானது. அக்காளும் தங்கையும் அதற்குப்பிறகு பேசிக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். இட்லி நின்றுபோனது. "ஏனுங்க, எதிர்வீட்டு அம்மா உடம்புக்கு முடியலையா? டப்பாவே வர்றதில்லையே" என்று அவர் என்னிடம் விசாரித்தார். கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்டார்.

ஒரு தடவை சங்ககிரியில் ஒரு லாரி டிரைவரை ஆமைகளோடு பிடித்தார்கள். வனக்காப்பாளர் ஆத்திரத்தில் அவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவர் வனக்காப்பாளரை வெளியே அனுப்பிவிட்டு, டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டார். தன் போனைக் கொடுத்து, "ஊட்டுல சோறு வெச்சுக் காத்துக்கிட்டிருப்பாங்க, சாப்டச் சொல்லுங்க" என்றார். அந்த ஆள் மனைவியிடம் பேசிவிட்டு ஓவென்று அழுதான். அழுகை ஓய்ந்ததும் சொந்தத் தம்பி பேரைச் சொன்னான். நான்தான் தட்டச்சு செய்தேன். பிறகு சார் சமையலறைக்கு வந்து, "பாத்தீங்களா, அடிச்சிருந்தா அவன் யாரோ ஒருத்தன் பேரைச் சொல்லியிருப்பான்" என்றார். முகத்தில் வாத்தியார் மாதிரி ஒரு திருப்தி. பாவி மனுஷன், கையெழுத்து வாங்கும்போதுகூட அந்த டிரைவருக்குப் பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

இப்படியே இரண்டாவது வருடம் முடிகிற நேரம் வந்தது. நெடுஞ்சாலை மெஸ் ஒன்றில் கவுதாரி வறுவல் கிடைக்கிறதென்று தகவல். மெஸ் சமையல்காரர் இரண்டு டீக்குள் மூன்று பேர்களைச் சொல்லிவிட்டார். மூன்று பேருமே மல்லசமுத்திரத்துக்காரர்கள். அதில் ஒருவர் என் அம்மாவுடன் பிறந்த மாமா. மாமா பேர் வந்ததும் நான் தட்டச்சை நிறுத்தியதை அவர் கவனித்தார். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து என் துண்டை எடுத்தார்.

"உங்க சித்தப்பாவ ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றனுங்க" என்றார்.

"அவரு விக்கறதெல்லாம் இல்லீங்க சார். சும்மா வளக்கறாரு."

"சும்மாதாங்க பாக்கப்போறேன்."

நான் போன் செய்து சொல்லியிருக்கலாம். சித்தப்பாவின் நம்பர் எனக்கு மனப்பாடம். சொல்லவில்லை. பயம் மட்டுமல்ல. அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு வருடம் பார்த்துவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் ஒரு பேர் சொன்னார்கள், எழுந்து போனார்கள். சித்தப்பாவும் ஒரு பேர் சொல்லுவார், அத்தோடு முடியும் என்று நினைத்தேன்.

அவரும் வனவரும் கவுதாரி வளர்க்க ஆசைப்படுகிறவர்களாகப் போனார்கள். சித்தப்பா மோர் கொடுத்திருக்கிறார். பறவை எப்படிக் கத்தும் என்று இவர் கேட்டிருக்கிறார். கேட்டால் போதாதா! மறுநாள் விடிகாலையில் வரச் சொல்லி, பரணில் கிடந்த கண்ணியை எடுத்து, காட்டுக்குக் கூட்டிப்போய்க் கூண்டைத் திறந்து காட்டியிருக்கிறார். அது கத்தியது. இரண்டு மாட்டின. "பலே, பலே" என்று இவர் கைதட்டினாராம். அதன்பிறகு அடையாள அட்டையைக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு இவர் போய்க் கேட்காமலிருந்தால் அந்தக் கண்ணி பரணிலேயே கிடந்திருக்கும்.

ஆபீசுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அரசாங்க ஆபீசில் தட்டச்சர் என்பதுதான் எங்கள் வீட்டுக்குத் தெரியும். எந்த ஆபீஸ் என்று யாரிடமும் சொல்லக்கூடாதென்பது அவர் உத்தரவு. சித்தப்பா படியேறி வந்து, ஹாலைக் கடக்கும்போது சமையலறைப் பக்கம் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். ஒரு நொடி முகம் மலர்ந்தது, தெரிந்த ஆள் இருக்கிறதென்று. அடுத்த நொடியே பார்வையைத் திருப்பிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். குற்றவாளியின் சொந்தம் என்று தெரிந்தால் என் வேலைக்கு ஏதாவது வரும் என்று பயந்திருக்கிறார். அன்று முழுக்க அவர் என்னைத் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவில்லை. "அந்தப் புள்ளகிட்டத் தண்ணி கேளுங்க" என்று வனவரிடம் சொன்னார்.

வாக்குமூலம் எடுக்க என்னை அவர் அறைக்குள் கூப்பிட்டார். வழக்கமாகக் கையால் எழுதி வந்ததைத்தான் நான் தட்டச்சு செய்வேன். அன்றைக்கு மட்டும் மடிக்கணினியோடு உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

"சாப்டீங்களா?" என்றார் சித்தப்பாவிடம்.

"ஆச்சுங்க."

"உங்க ஊர்ல மெஸ்ஸுக்குக் கவுதாரி புடிச்சுக் குடுக்கறது யாருங்க? ஒரு பேர் சொல்லுங்க, போதும். உங்களைச் சாட்சியா மாத்திர்றேன். பொழுதோட ஊட்டுக்குப் போயிரலாம்."

"பேரெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. நான் புடிச்சது நெசமுங்க. அதுக்கு என்ன போடோணுமோ போட்டுக்கங்க."

"தெரியாதா?"

"தெரிஞ்சாலும் சொல்லமாட்டனுங்க. நாளைக்கு அவிய மொகத்துலதான நான் முழிக்கோணும்."

அவர் கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். சித்தப்பாவின் கடலை எப்படி, போர்த் தண்ணீர் எத்தனை அடியில், பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்களா என்றெல்லாம் பேசினார். ஒரு மணி நேரம் கழித்து நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார்.

"சரிங்க, ஒண்ணு பண்ணலாம். உங்க பேரை எங்களுக்கு யாரு குடுத்தாங்கன்னு நான் சொல்லிர்றேன். உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்கதான். பதிலுக்கு நீங்க ஒரு பேர் சொல்லுங்க."

என் விரல்கள் மடிக்கணினிமேல் இருந்தன. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் அழுதிருப்பேன், சொல்லியிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். அதெல்லாம் தேவைப்படாத மாதிரி அவர் சித்தப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "வேண்டாமுங்க" என்றார். "அது எனக்குத் தெரிய வேண்டாமுங்க சாமி."

யாரென்று புரிந்துகொண்டு சொன்னாரா, புரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 'வேறு எவருடைய பெயரையும் கூற மறுத்துவிட்டார்' என்று தட்டச்சு செய்தேன்.

ரிமாண்ட் ஆனது. நாலாம் நாள் ஜாமீன் மனு வந்தபோது ஆட்சேபணையில்லை என்று எழுதிக் கொடுத்தார் அவர். எனக்குச் சந்தோஷம், மனசுக்குள் அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு நாள் விட்டு, மூன்றாம் நாள் காலையில் மல்லசமுத்திரத்தில் மூன்று வீடுகளில் ரெய்டு. மெஸ் சமையல்காரர் சொன்ன அதே மூன்று வீடுகள். அந்தப் பேர்கள் சித்தப்பாவைப் பிடிப்பதற்கு முன்பே எங்களிடம் இருந்தவை.

ஊர் கணக்கு வேறாகத்தானே போடும்? ஒருவனைப் பிடித்தார்கள், நாலே நாளில் விட்டார்கள், மறுவாரம் மூன்று பேரைப் பிடித்தார்கள். டீக்கடையில் சித்தப்பா போய் நின்றால் பேச்சு நின்றது. மாரியம்மன் நோம்பிக்கு சித்தி கொண்டுபோன மாவிளக்கைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். கடலை பிடுங்குகிற பருவத்தில் எங்கள் பக்கம் ஒருவர் காட்டுக்கு ஒருவர் போவது வழக்கம். சித்தப்பா காட்டுக்கு யாரும் வரவில்லை. அவரும் சித்தியும் அவர்கள் பெண்ணும் குனிந்து பிடுங்கிக்கொண்டே இருந்தார்கள். பாதி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டு, மீதிக் கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மாமா உள்ளே இருந்தார் அல்லவா. சாப்பிட உட்கார்ந்தால் அம்மா ஆரம்பித்துவிடுவாள். "அண்ணனுக்கு மச்சானாச்சேன்னு பாத்தானா அவன்? காட்டிக் குடுத்த நாயி" என்பாள். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். "அவன் எனக்குத் தம்பியே இல்லடி, உடு" என்று ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ரசம் வேண்டுமா என்று அம்மா கேட்டாள். ஊற்றச் சொன்னேன்.

ஆபீசில் அவரிடம் கேட்டேன். இரண்டு வருடத்தில் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"எங்க சித்தப்பா பேரே சொல்லலீங்களே சார். உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

"தெரியுங்களே. நீங்கதானே டைப் பண்ணுனீங்க."

"ஊர்ல அவருதான் சொன்னாருன்னு பேசறாங்க."

"பேசட்டுங்க." ஃபைலிலிருந்து கண்ணை எடுத்துப் பொறுமையாக விளக்கினார். "பேர் சொல்லாம ஒருத்தர் நல்லபடியா ஊருக்குத் திரும்பிப்போயிட்டா, அடுத்து வர்றவங்க எதுக்குங்க சொல்லப்போறாங்க? சொன்னாலும் சொல்லாட்டியும் ஊர் ஒண்ணுதான் நினைக்கும்னு தெரிஞ்சாத்தான் சொல்லுவாங்க. நான் அவரைப் பத்தி ஒரு வார்த்தை பொய் சொல்லலையே."

சொல்லவில்லைதான். கூண்டுக் கவுதாரி விஷயத்திலும் அப்படித்தான். கோர்ட் உத்தரவுப்படி மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கோழியோடு மேய்ந்த பறவை அது. மூடியைத் திறந்ததும் வனவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, ஜீப்புக்கு அடியில் போய் நின்றிருக்கிறது. விரட்டி விட்டுவிட்டுப் போட்டோ எடுத்தார்கள். "நாங்க வண்டியத் திருப்பறதுக்குள்ள கீரி கவ்வீட்டுப் போயிருச்சும்மா" என்றார் வனவர். அறிக்கையில் என்ன போடுவதென்று அவரிடம் கேட்டேன். "இயற்கைச் சூழலில் விடுவிக்கப்பட்டதுன்னு போடுங்க. விட்டோமில்லீங்களா?" என்றார்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். முளைத்த கடலையை வாசலில் கொட்டி, தேறியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இங்க வராத கண்ணு" என்றார். "நீ வந்துட்டுப் போனா உன்னையுங் கூட்டுச் சேத்திச் சொல்லுவாங்க. வேலைக்குப் போற புள்ள. எங்களுக்கு என்ன, நாங்க இருந்துக்கறம்."

"சித்தப்பா…" என்றேன்.

"போ சாமி. உங்கொப்பன் பாத்தா அவனுக்கும் சங்கட்டம்."

நான் போய்விட்டேன். போகச் சொன்னார், போனேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப்பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை.

பிரிவுக்கு நீட்டிப்பு கிடைத்தது. அடுத்த வருடம் நிரந்தரமாகவே ஆக்கிவிட்டார்கள். எங்கள் பிரிவு எப்படி அமைக்கப்பட்டதென்று மற்ற மண்டலங்களில் எடுத்துச் சொல்ல அவரைப் பதவி உயர்த்தித் தலைமையிடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வழியனுப்பு விழாவில் சால்வை போர்த்தினோம். டிரைவர்கூட அழுதார். எல்லோரும் கீழே இறங்கியபிறகு அவர் சமையலறைக்கு வந்து ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தார். ஒரு துண்டுத் தாளை எடுத்து என் கீபோர்டு மேல் வைத்தார். என் கையெழுத்து. சித்தப்பாவின் பேர், அப்பன் பேர், ஊர். கீழே அன்றைய தேதி, அதன்கீழ் அவர் போடச் சொல்லி நான் போட்ட கையெழுத்து.

"இது இனிமே ஆபீசுக்கு வேண்டியதில்லைங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

நான் அதை எடுத்து மடித்தேன்.

"உங்க சித்தப்பா நல்ல மனுஷனுங்க. இத்தனை பேருல அவரு ஒருத்தருதான் சொல்லல. ஊருக்குள்ள அவரு பேர் கெட்டது எனக்கும் வருத்தந்தான்." பாக்ஸை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நீங்க எப்ப வேணும்னாலும் போய்ச் சொல்லியிருக்கலாமே. நான் உங்களை ஒருநாளும் தடுக்கலையே?"

தடுக்கவில்லை. அந்த மனுஷன் கடைசி நாளும் பொய் சொல்லவில்லை.

அவர் போய் மூன்று வருடமாகிறது. துண்டுத் தாள் என் கைப்பையில், பஸ் பாஸுக்குப் பின்னால் இருக்கிறது. மாமா வெளியே வந்து ஒரு கடை வைத்துவிட்டார். சித்தப்பாவோடு இன்னும் ஊரில் யாரும் பேசுவதில்லை. அவருடைய பெண்ணுக்கு வந்த இரண்டு வரன்களும் ஊருக்குள் விசாரித்துவிட்டுத் திரும்பிப்போய்விட்டன. அந்தத் தாளை டீக்கடை பெஞ்சில் வைத்தால் போதும், அரை மணி நேரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தினமும் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த டீக்கடையைத் தாண்டித்தான் நடக்கிறேன். அடுத்தது சித்தப்பா வீடு. வாசலில் அவர் உட்கார்ந்திருந்தால், நான் நெருங்கும்போது எனக்காக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.